கற்பூரம் அணைக்காத சாட்சி

எனக்கு நடந்த பிரிவுபசார விருந்தில் பேச எழுந்த இளைஞர் ஒருவர் எங்கள் காலத்துக் கோர்ட்டைப் புகழ்ந்து தள்ளினார். "அந்தக் காலத்தில் சாட்சிகளுக்கு மரியாதை தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள். ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தைதான் பதில் வரும். இப்போது தோட்டத்து ஆட்களெல்லாம் கூண்டில் ஏறிப் பிரசங்கம் செய்கிறார்கள்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் வாயில் அப்போது ஒரு முழு வடை இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் அவர் என் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். மாலை போட்டவரோடு அங்கேயே சண்டை பிடிக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நான் ஜொகூரில் தமிழ்த் துபாஷியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டான வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்வதும், துரை கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. எந்தக் கோர்ட்டு என்று சொல்லமாட்டேன். அங்கே இப்போது நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன் நடந்ததற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் அத்தா கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்து, தெப்ராவ் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்தவர். நான் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. கடைக்கு வருகிறவர்களிடம் மலாய் கற்றேன், அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்றேன், இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்பு ஊற்ற மனம் வரவில்லை. பரீட்சை எழுதித் தேறினேன். பிறகு சில வருஷங்கள் தலைமைத் துபாஷி வைத்தியலிங்கம் பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. சட்டைப் பையில் வெள்ளிப் பொடி டப்பா. மொழிபெயர்க்க எழுந்திருக்கும்போது கோட்டின் கீழ் விளிம்பை ஒருதரம் இழுத்துவிட்டுக்கொள்வார். சாட்சி பேசுகிற நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் கண்ணைத் திறந்து, துரையைப் பார்த்து, அழகான ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்காருவார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்கவென்றே வக்கீல்கள் வந்து உட்கார்ந்ததுண்டு. என்னிடம் பிரியமாக இருந்தார். நோன்புக் காலத்தில் நான் சோர்ந்திருந்தால் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். கெட்டவன் ஒருவன் இதையெல்லாம் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"சாரத்தைச் சொன்னாப் போதும் தம்பி, சக்கையைத் தள்ளிடு. துரைக்கு நேரமில்லை" என்பார். எது சாரம், எது சக்கை என்று முடிவு செய்ய இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று முக்காலியில் உட்கார்ந்தபடி நான் பல தடவை நினைத்ததுண்டு.

ஒரு கிழவர் ஞாபகம் வருகிறது. புல்வெட்டுகிறவர். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு காணாமல் போனதற்கு அவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று பிள்ளை இலக்கணத் தமிழில் கேட்டார். கிழவர் கும்பிட்டுக்கொண்டே, "தொரை சொன்னாச் சரிதானுங்க" என்றார். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்லவேண்டும். வேறு பதில் சொன்னவன் முதுகு வீங்கும். "ஒப்புக்கொள்கிறான்" என்று பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கிழவர் ஜெயிலுக்குப் போனார். தனக்கு என்ன நடந்தது என்று படியிறங்கும்வரை அவருக்குத் தெரியாது. இந்தப் பதிலைத்தான் நம் இளைஞர் மரியாதை என்கிறார்.

சத்தியப்பிரமாணமும் அப்படித்தான். முஸ்லிம் சாட்சிக்கு ஒரு முறை, கிறிஸ்தவருக்கு ஒரு முறை, இந்துவுக்குக் கடவுள் அறியச் சொல்வதாக ஒரு உறுதிமொழி. பிள்ளை அதை ரயில் வேகத்தில் ஒப்பிப்பார், சாட்சி தலையாட்டுவார். தோட்டத்து ஆட்களுக்கு அது சத்தியமே அல்ல, கோர்ட்டில் நடக்கும் ஏதோ ஒரு சடங்கு. அவர்களுக்குச் சத்தியம் என்றால் மாரியம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைப்பது. அதை மீறினால் வம்சம் விளங்காது என்று நம்பினார்கள். துரைக்கு இது தெரியாது. பிள்ளைக்குத் தெரியும், ஆனால் அவர் கணக்கில் அது சக்கை.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் சாட்சி சொல்ல வந்தால் கூண்டில் ஏறமாட்டார்கள். கதவுக்கு வெளியே கடைசிப் படியில் நிற்பார்கள். பிள்ளை இங்கிருந்து கேள்வியைச் சொல்ல, சேவகன் அதைக் கதவருகே கொண்டுபோய்க் கத்துவான். பதிலை அங்கிருந்து கொண்டுவருவான். கொண்டுவரும்போது பாதி கீழே சிந்தும், மீதியில் பிள்ளை சாரம் எடுப்பார். சட்டத்தில் எங்கேயும் இப்படி எழுதியிருக்கவில்லை. துரை ஒருநாள் ஏன் என்று கேட்டபோது, "அது அவர்கள் வழக்கம், அவர்களுக்கே அதுதான் பிடிக்கும்" என்று பிள்ளை சொன்னதை என் காதால் கேட்டேன். பிடிக்குமா என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டாரா? கேட்கவில்லை.

இப்போது வீராயி வழக்கு. உலு திராமுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். வீராயி அங்கே பால்மரம் வெட்டுகிறவள். புருஷன் காய்ச்சலில் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, இடுப்பில் பால் மறக்காத குழந்தை. பால்வெட்டும் உளியால் கங்காணியின் கையைக் கிழித்துவிட்டாள் என்று வழக்கு. கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர், அந்த ஆட்களுக்கு எல்லாமே அவர்தான். "வேலை சரியில்லைன்னு சொன்னேன், காரணமே இல்லாம வெட்டிட்டா" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். குற்றம் உறுதியானால் அவளுக்கு ஜெயில். ஜெயில் முடிந்ததும் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்ப மேலிடம் சொல்லியிருப்பதாக வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் சொன்னார். அவளுக்கு ஊரில் யாரும் இல்லை.

கங்காணி தன் சாட்சிகளை லாரியில் ஏற்றி வந்திருந்தார். கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்காரவைத்துச் சோறு போட்டு, யார் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் ஒப்பிக்கவைத்தார். நாங்கள் எல்லோரும் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பிறகு ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, "அந்தப் பொம்பள வெட்டுனதப் பாத்தேன், வேற ஒண்ணும் பாக்கல" என்றார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியம். சொல்லும்போது எல்லோரும் தங்கள் வலது உள்ளங்கையைப் பார்த்தார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கடைசியில் துரை வீராயியைக் கேட்டார், உன் பக்கம் சாட்சி உண்டா என்று. அவள் சொன்னாள், "எல்லாருந்தான் சத்தியம் பண்ணிட்டாங்களே. மிச்சம் யாரும் இல்லீங்க."

பிள்ளை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "சாட்சி இல்லை" என்றார். துரை எழுதிக்கொண்டார். மத்தியான இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு என்றார்.

குழந்தைக்குப் பால் கொடுக்க அவளைப் பின்வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். துபாஷி கைதியோடு பேசக்கூடாது என்பது எங்கள் விதி. கங்காணி மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்தியபோது அந்த விதி எங்கே போயிருந்தது என்று கேட்டுக்கொண்டே நான் அவள் எதிரில் போய் நின்றேன்.

"எல்லாரும் சத்தியம் பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே. கோர்ட்டுலயா?"

"இல்லீங்க பாய். மாரியம்மன் கோவில்ல. போலீசு வந்துட்டுப் போன அன்னிக்குப் பொழுது சாயயில கங்காணி மணியடிச்சு எல்லாரையும் கூட்டுனாரு. வெட்டுனதத் தவிர வேற எதையும் பாக்கலன்னு சொல்லி ஒவ்வொருத்தரா கற்பூரத்த அணைக்கச் சொன்னாரு. அணைச்சாங்க. இனிமே எப்படிப் பேசுவாங்க? அவங்க புள்ளகுட்டி வெளங்க வேணாமா?"

"ஒருத்தர் மிச்சமில்லாமயா?"

"மேல லயம், நடு லயம், அம்புட்டுப் பேரும்."

"கீழ லயம்?"

லயம் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், கீழ லயம் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு. நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "அவங்க எப்படிப் பாய் கோவிலுக்குள்ள வருவாங்க? வெளிய நின்னு கும்பிடுறவங்கதானே."

"அவங்கள்ல யாராவது அன்னிக்கு உங்க பக்கத்துல இருந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க." குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "மழத்தண்ணி ஓடுற கானு வெட்டுற செலம்பாயி மட்டும் கானுக்குள்ள நின்னுச்சு."

"எவ்வளவு தூரம்?"

"தூரமா? கைய நீட்டுனாத் தொட்டிரலாம். ஆனா அது கீழ லயம் பாய்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கே நிற்க முடியவில்லை. கங்காணி மேல் கோபம் இருக்கட்டும். இவள் மேலும் வந்தது. ஜெயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள், கேட்டால் "யாரும் இல்லீங்க" என்கிறாள். கங்காணிக்குச் சிலம்பாயி ஆளாகத் தெரியவில்லை, அதனால் சத்தியம் வாங்காமல் விட்டுவிட்டார். வீராயிக்கும் அவள் ஆளாகத் தெரியவில்லை, அதனால் சாட்சிக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் வெட்டினவளும் வெட்டுப்பட்டவரும் ஒரே கட்சி.

இடைவேளை முடிந்து துரை வந்து உட்கார்ந்ததும் நான் முக்காலியிலிருந்து எழுந்தேன். பிள்ளை திரும்பிப் பார்த்தார். "உக்காரு தம்பி. துபாஷி கோர்ட்டோட வாய். வாய் தானாப் பேசக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பாதி பேசின வாய் ஐயா, மீதியையும் பேசட்டும்" என்றேன்.  துரையிடம், கைதி சொன்னதில் ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிற்று, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். எல்லோரும் சத்தியம் செய்துவிட்டார்கள், மிச்சம் யாரும் இல்லை என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். இதற்கு என்ன அர்த்தம் என்றார் துரை. அவளையே கேளுங்கள் என்றேன். கேட்டார். வீராயி சிலம்பாயியின் பேரைச் சொன்னாள். துரை வழக்கைத் தள்ளிவைத்து, சிலம்பாயிக்குச் சம்மன் அனுப்பினார். 

அடுத்த தவணைக்குச் சிலம்பாயி வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையான உருவம், குதிகாலின் வெடிப்பில் கான் மண். யாரும் சொல்லாமலே போய்க் கடைசிப் படியில் நின்றுகொண்டாள். சேவகனும் தன் இடத்தில் கதவருகே தயாரானான். பிள்ளை எழுந்து, ரயில் வேகத்தில் உறுதிமொழியைத் தொடங்கினார்.

துரை பேனாவை வைத்தார். "எனக்குச் சாட்சியின் முகம் தெரியவில்லை. உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றார்.

"அவளுக்கு அங்கே நிற்பதுதான் பிடிக்கும்" என்றார் பிள்ளை.

நான் பின்னாலிருந்து, கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி, தமிழில் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு உள்ள வந்து நின்னு சொல்லப் பிரியமா, அங்கயே நின்னு சொல்லப் பிரியமா?"

அவளை அம்மா என்று நான் கூப்பிட்டதில், கங்காணி மறுபடியும் கூட்டிவந்திருந்த மரத்தடிக் கூட்டம் முணுமுணுத்தது. சிலம்பாயி என்னைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தாள். "வரச் சொன்னா வர்றேன். இங்கன இருந்து கத்துனா எனக்கே என் பேச்சு கேக்கல" என்றாள்.

அதை மொழிபெயர்த்தேன். துரை தலையாட்டினார். அவள் மூன்று படியும் ஏறி, நடைபாதையில் நடந்து, கூண்டுக்குள் போய் நின்றாள். பிள்ளை பொடி டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு நம்மாளுங்க அதுல எப்படித் தம்பி ஏறுவாங்க? நீ துலுக்கன், உனக்கு இது புரியாது."

"புரியாததுனாலதான் ஐயா கூப்பிட முடிஞ்சுது" என்றேன். அவர் வெளியே போய்விட்டார். முதல் தடவையாக அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

உறுதிமொழியை அவளுக்குப் புரிகிற தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அப்புறம் ஒரு முடிவு செய்துகொண்டேன். சாரமும் வேண்டாம், சக்கையும் வேண்டாம். அவள் 'நான்' என்றால் நானும் ஆங்கிலத்தில் 'நான்' என்றுதான் சொல்வேன். அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் நானும் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவேன். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பரீட்சையும் தேவையில்லை. ஆனாலும் அதுவரை எங்கள் கோர்ட்டில் யாரும் செய்ததில்லை.

"நான் கானுக்குள்ள நின்னு மண்ணு அள்ளிக்கிட்டு இருந்தேன். கங்காணி வந்தாரு. என்னப் பாத்தாரு. பாத்துட்டு, யாருமே இல்லாத மாதிரி அந்தப் புள்ளகிட்டப் போனாரு. வீட்டு வேலைக்கு வான்னு சொல்லியனுப்புனேனே, ஏன் வரலன்னு கேட்டாரு. அது வரமாட்டேன்னுச்சு. பால் வாளிய எட்டி ஒதச்சாரு. கொண்டையப் புடிச்சாரு, அப்புறம் சீலையப் புடிச்சாரு. அதுக்கப்புறந்தான் அது உளிய வீசுச்சு. என் கையில உளி இருந்திருந்தா நானும் வீசியிருப்பேன்."

கடைசி வாக்கியத்தையும் விடாமல் சொன்னேன். துரை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

"இதை ஏன் முன்பே யாரிடமும் சொல்லவில்லை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யாருங்க கேட்டாங்க?" என்றாள்.

கங்காணியால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "தொரை, இவளுக்கு ஏது சத்தியம்? என் ஆளுங்க அத்தன பேரும் மாரியாத்தா முன்னால கற்பூரம் அணைச்சவங்க. அவங்க சொன்னத நம்புவீங்களா, கோவில் வாசப்படி மிதிக்காதவ சொல்றத நம்புவீங்களா?" என்று கத்தினார். தன் கட்சிக்கு அதைவிடப் பெரிய பலம் கிடையாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். கோர்ட்டும் கற்பூரத்துக்கு மரியாதை கொடுக்கும் என்று நினைத்தார்.

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. என் வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் மொழிபெயர்த்தது வேறு எதையும் இல்லை.

"என்ன சத்தியம்? எப்போது? யார் செய்யச் சொன்னது?" என்று துரை வரிசையாகக் கேட்டார். கங்காணி அப்போதுதான் தான் எதைக் கொட்டிவிட்டோம் என்று உணர்ந்து உட்கார்ந்தார். முன்பு சாட்சி சொன்ன பால்வெட்டுக்காரர் ஒருவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கற்பூரத்த அணைச்சிட்டேங்க. என்னய ஒண்ணும் கேக்காதீங்க சாமி" என்று அழத் தொடங்கினார். துரை அதற்கு மேல் கேட்கவில்லை. வீராயியை விடுதலை செய்தார்.

நீதி ஜெயித்தது என்று மாலை போட்டவர் இங்கே எழுந்து போய்விட வேண்டாம். கங்காணி மேல் ஒரு வழக்கும் போடவில்லை. துரை கண்டித்தார், அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார், அதே லாரியில் ஏறிப் போய்விட்டார். வீராயிக்குத் தோட்டத்தில் சீட்டுக் கிழித்து வேலையைவிட்டு அனுப்பினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி வெட்டப் போனாள். போகும்போது சிலம்பாயியிடம் ஒரு வார்த்தை சொன்னாளா என்று பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள், ஆனால் எட்ட நின்றுதான் கும்பிட்டாள்.

அதைவிடக் கேவலம் எங்கள் கோர்ட்டுக்குள்ளேயே நடந்தது. எல்லோரும் போன பிறகு பிள்ளை திரும்பி வந்து, சேவகனிடம் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கூண்டைக் கழுவச் சொன்னார். ராஜ்யத்தின் நீதிமன்றம்! கொலைகாரன் நின்ற கூண்டு அது, பொய்ச்சாட்சி நின்ற கூண்டு. அவர்களுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்ததில்லை. உண்மையைச் சொன்ன ஒரு பொம்பளை நின்ற பிறகு அதைக் கழுவ வேண்டுமாம். எனக்குக் கண்மண் தெரியவில்லை. நான் போய்க் கூண்டுக்குள் ஏறி நின்றுகொண்டேன். "ஊத்தறதா இருந்தா என் தலையிலயும் சேத்து ஊத்து" என்றேன். சேவகன் வாளியோடு பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் தண்ணீரை வெளியே பூச்செடிக்கு ஊற்றிவிட்டு வந்தான். பிள்ளை என்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். விசாரித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். போகும் நாளில் எனக்குக் கை கொடுத்து, "உன் ஆங்கிலம் இன்னும் தேறணும் தம்பி" என்றார். அது உண்மைதான்.

சில மாதம் கழித்துச் சிலம்பாயியின் தம்பியைக் கங்காணி அடித்துக் கையை முறித்துவிட்டார். வேலைக்குப் பிந்தி வந்தான் என்று காரணம் சொன்னார்கள். அக்காள் பேசியதற்குத் தம்பிக்கு விழுந்த அடி அது என்று தோட்டத்துக்கே தெரியும். இந்தத் தடவை அதே இன்ஸ்பெக்டர் விடவில்லை. கங்காணியைக் கைதிக் கூண்டில் நிறுத்தினார். அடி விழுந்தது கீழ் லயத்து வாசலில், பார்த்தவர்கள் அத்தனை பேரும் கீழ் லயத்து ஆட்கள். அவர்களில் யார் வாய் திறப்பார்கள் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலை.

முதலில் சிலம்பாயியைக் கூப்பிட்டார்கள். அவள் படியில் நிற்கவில்லை, நேரே வந்து கூண்டில் ஏறினாள். தம்பியை அடித்ததைப் பார்த்தது பார்த்தபடியே சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். பிறகு துரை, போன வழக்கை நினைவு வைத்துக்கொண்டு, இந்தத் தடவையும் யாராவது உங்களைக் கோவிலில் சத்தியம் செய்யச் சொன்னார்களா என்று கேட்டார்.

"சொன்னாருங்க. நேத்து சாயங்காலம். கங்காணியே கீழ லயத்துக்கு வந்தாரு. இத்தன காலமா எங்க நெழலு பட்டாலே திட்டுறவரு, 'வா தாயி, எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கோவிலுக்கு வா, ஆத்தா முன்னால எல்லாரும் ஒண்ணுதான்'னாரு. போனோம். கதவு தெறந்து கெடந்துச்சு. நான் ஆத்தா மொகத்த அவ்வளவு கிட்டத்துல பாத்ததில்லீங்க. அவரு உள்ள நின்னுக்கிட்டு இருந்தாரு. கையில தட்டு, தட்டுல கற்பூரம்."

அவள் நிறுத்தினாள். நானும் சொல்லி நிறுத்தினேன். 

"நீ என்ன செய்தாய்?" என்றார் துரை.

"வாசப்படிக்கு வெளியவே நின்னேன். 'கதவத் தெறந்ததுக்குக் கும்பிடுறேன் கங்காணி. தட்டக் கீழ வச்சிரு. ஆத்தாவப் பாக்க உள்ள வர்றோம். ஒனக்குச் சத்தியம் பண்ண வரமாட்டோம்'னேன். அவரு தட்டக் கீழ வைக்கலீங்க. கதவத்தான் சாத்துனாரு."

"பிறகு?"

"பொறகு எல்லாருமா நடந்து இங்க வந்துட்டோங்க. விடிஞ்சதுலேர்ந்து வெளியதான் நிக்கிறோம்" என்று சிலம்பாயி கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். படி முழுக்க ஆட்கள் நின்றார்கள், ஆணும் பெண்ணுமாகக் கீழ் லயம் மொத்தமும். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடச் சொல்லுங்க பாய். அவங்களுக்கும் பேரு இருக்கு."